சித்திரையில் அளக்க வேண்டிய தோட்டம்

தண்ணீரை நடுவில் வைத்து, சுற்றிலும் நடைபாதை போட்டு, ஆங்காங்கே யாரும் குடியிருக்காத ஒரு மண்டபத்தையோ பொய்யாகக் கட்டிய ஒரு கோட்டை இடிபாட்டையோ நிறுத்தி, நடந்து களைத்தவர் உட்கார்ந்து டீ குடிக்க ஓர் இடமும் வைத்தால் அது ஒரு நீர்த்தோட்டம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். நம் ஊரில் இதே ஆசை இப்போது நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் வந்திருக்கிறது. 2016இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேலம் இடம்பெற்ற பிறகு, சூரமங்கலத்திலிருந்து சிறிது தூரத்தில் உள்ள பள்ளப்பட்டிப் பெரிய ஏரி முதலான நகர ஏரிகள் நடைபாதை, பூங்கா, படகு சவாரி என்று புது வேடம் பூண்டன. ஏரிக்கரையில் நடக்க இடம் கிடைத்தது நல்ல விஷயம்தான். அதில் சண்டையிட ஒன்றுமில்லை. ஆனால் இத்தகைய இடங்களை எந்த நாளில் வைத்து மதிப்பிடுவது என்பதில்தான் பிழை நடக்கிறது. திறப்பு விழா என்றால் ஏரி நிரம்பிய நாளாகப் பார்த்துத்தான் வைப்பார்கள். படமும் அன்றைக்கே எடுப்பார்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு நீர்த்தோட்டத்தின் தரத்தை ஐப்பசியில் அளந்தால் எல்லாமே தேறிவிடும். சித்திரையில் அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு அடிப்படை எளிய கணக்கு. சேலத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் மழை பெய்கிறது. அதே ஆண்டில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒன்றரை மீட்டருக்கும் மேல் ஆவியாகிப் போகிறது. ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு ஏக்கர் குளத்தின் மேல் நேராக விழும் மழை 40 லட்சம் லிட்டர். வெயில் கொண்டுபோவது 60 லட்சம் லிட்டர். மண்ணுக்குள் இறங்குவதைச் சேர்க்காமலே 20 லட்சம் லிட்டர் துண்டு விழுகிறது. பத்தாயிரம் லிட்டர் லாரியில் கொண்டுவந்து ஊற்றினால் 200 லாரி. இந்தத் துண்டை அடைக்க ஒரே வழி, சுற்றியுள்ள நிலத்தில் விழும் மழை ஓடிவந்து சேர்வது. பெய்யும் மழையில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவரும் என்று வைத்துக்கொண்டால், ஆவியாதலை மட்டும் ஈடுகட்டவே ஒரு ஏக்கர் குளத்துக்கு இரண்டரை ஏக்கர் நீர்ப்பிடிப்பு நிலம் வேண்டும். கசிவையும், மழை பெரும்பாலும் சில மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடுவதையும் சேர்த்தால் இதைப் போலப் பல மடங்கு தேவைப்படும். வரத்து வாய்க்கால் இல்லாத குளம் நம் பகுதியில் குளமாக நிலைக்க முடியாது. அது தண்ணீர் ஊற்றி வைத்த தொட்டி. வாய்க்கால் இருந்தாலும் நீர்மட்டம் ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் நிற்காது. ஏறும், இறங்கும், சில ஆண்டுகளில் அடிமண் தெரியும். இங்கே நீர்த்தோட்டம் அமைப்பவர் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை இது.

நம் முன்னோர் இதை ஒப்புக்கொண்டு கட்டினார்கள் என்பதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரத்துப் பழைய ஏரிகளில் கரையைவிட்டு உள்ளே தள்ளி, நீருக்கு நடுவே இரண்டு உயரமான கல்தூண்கள் நிற்பதைப் பார்க்கலாம். குறுக்கே கற்பலகைகள் செருகியிருக்கும். சிலவற்றில் அமைத்தவரின் பெயர் வெட்டியிருக்கும். ஒன்றும் தெரியாதவர் பார்த்தால், யாரோ விளையாட்டாக நிறுத்திவிட்டுப் போன தோரணம் என்றுதான் நினைப்பார். அதுதான் குமிழித்தூம்பு. தூண்களின் அடியில் கல்தொட்டி ஒன்று புதைந்திருக்கிறது. அதன் மேல்துளை நீரோடி, கீழ்த்துளைகள் சேறோடி. ஆள் நீந்திப் போய்க் குறுக்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு நீரோடியின் அடைப்பைத் தூக்கினால், தெளிந்த நீர் மேல்துளை வழியாக இறங்கும். அந்த ஓட்டத்தின் இழுப்பில் அடியில் படிந்த வண்டலும் சேறோடி வழியாக வெளியேறும். ஏரி நிறைந்திருக்கும்போது தூண்களின் தலைதான் தெரியும். வற்றும்போது முழுக் கட்டுமானமும் எழுந்து நிற்கும். எவ்வளவு தண்ணீர் பாக்கி என்று கரையிலிருந்தே சொல்லிவிடலாம். பார்வைக்கு வேடிக்கையான ஒரு கட்டடமே நீரின் கணக்குப் புத்தகமாகவும் வேலை செய்தது.

கோயில் தெப்பக்குளத்தின் நீராழி மண்டபமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆண்டில் ஒன்றிரண்டு நாள் தெப்பத் திருவிழாவுக்காக, நடுநீரில் ஒரு மண்டபம். வருமானக் கண்ணோடு பார்த்தால் வீண்செலவு. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 1645இல் திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டிய அந்தக் குளம் ஏறக்குறைய 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்டது. நடுவில் மைய மண்டபம், அதைச் சுற்றித் தோட்டம். நீர் வந்தது வைகையிலிருந்து. வரத்து கெட்டுப்போன பல ஆண்டுகளில் குளம் காய்ந்து கிடந்தது. பிள்ளைகள் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். தைப்பூசத்தில் நீரில் மிதக்க வேண்டிய தெப்பம் தரையிலேயே நிற்க, நிலைத்தெப்பம் என்று சொல்லி விழாவை முடித்தார்கள். மண்டபத்துக்கு அக்காலத்தில் ஒரு குறையும் வரவில்லை; கல் அப்படியே இருந்தது. குளத்தை மறுபடி குளமாக்கியது பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து வைகை நீரை உள்ளே விட்டதுதான். மண்டபத்துக்கு ஒரு கல்கூடப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. இந்த ஒரு சான்றே வாதத்தில் பாதியை நிறுவிவிடுகிறது. மீதிப் பாதி, அந்தக் குளம் காய்ந்து கிடந்த காலத்திலும் மக்கள் அங்கே மாலையில் வந்து உட்கார்ந்தார்கள் என்பது. படிக்கட்டும் சுற்றுச்சுவரும் மைய மண்டபமும் நீர் இல்லாத நாளுக்கும் சேர்த்துக் கட்டப்பட்டவை. ஒவ்வொரு படியும் நீர் இறங்க இறங்க வெளியே வந்து, பார்ப்பவருக்கு இன்னொரு வரிசை இருக்கை ஆகிறது.

சேலம் மாவட்டத்துக்குள்ளேயே இதைவிடக் கூர்மையான சான்று மேட்டூரில் இருக்கிறது. 1925இல் தொடங்கி 1934இல் திறந்த மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணைக்கு அடியில் பூங்கா உண்டு. பக்கத்தில் வறுத்த மீன் விற்கும் கடைகள் உண்டு. வெளியூர்க்காரர்கள் அதைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். உண்மையான நீர்த்தோட்டம் அணைக்கு மறுபுறம், கொளத்தூரை அடுத்த பண்ணவாடிப் பரிசல் துறையில் இருக்கிறது. அணை எழுந்தபோது மூழ்கிய ஊர்களின் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் ஒரு கிறிஸ்தவ ஆலயமும் அங்கே நீருக்கடியில் நிற்கின்றன. நீர்மட்டம் எண்பது அடியை ஒட்டிச் சரியத் தொடங்கினால் முதலில் ஆலயத்தின் இரட்டைக் கோபுரம் தலைகாட்டும். மேலும் இறங்கினால் நந்தி சிலை வெளியே வரும். செய்தி பரவியதும் கூட்டம் சேரும். பரிசல்காரருக்கும் மீன் வறுப்பவருக்கும் அது தொழில் நாள். நீர் விலகிய மண்ணில் சோளமும் கம்பும் வெள்ளரியும் போடுகிறார்கள். மழை வந்து காவிரி பெருகினால் எல்லாம் மறுபடி உள்ளே போய்விடும். இங்கிலாந்துப் பிரபுக்கள் கூலி கொடுத்துப் பொய்யான இடிபாடுகளைக் கட்டிக்கொண்டார்கள். பண்ணவாடியில் நிற்பது மெய்யான இடிபாடு. யாரும் திட்டமிடவில்லை, டெண்டர் விடவில்லை. ஆனாலும் வறண்ட காலத்தில் மக்களைத் தண்ணீரின் பக்கம் இழுக்கும் வேலையை அது செய்கிறது. நீர் குறைவதே அங்கே காட்சி.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். நிலமும் கோயிலும் வீடும் இழந்து வெளியேறியவர்களின் துயரத்தை வேடிக்கைப் பொருளாக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதில் நந்தியை மறைத்து வைப்பதில் இல்லை; அந்த இடத்தின் கதையைச் சொல்வதில் இருக்கிறது. இன்று பண்ணவாடிக்கு வருபவருக்கு, எந்த ஊர்கள் போயின, அங்கிருந்தவர்கள் எங்கே குடியேறினார்கள் என்று சொல்லும் ஒரு கல்வெட்டாவது தேவை. படகில் போய்க் கோபுரத்தைத் தொட்டுவிட்டு வருபவர், டெல்டாவுக்குப் பாயும் நீரின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு திரும்பினால் அது வேடிக்கை ஆகாது. கட்டிய பொய் இடிபாட்டுக்கு இந்தக் கடமை இல்லை. அதனாலேயே அதற்கு மதிப்பும் குறைவு.

நம் காலத்திலேயே செய்யப்பட்ட முயற்சி ஒன்றும் சேலத்தில் உண்டு. கன்னங்குறிச்சியில் உள்ள மூக்கனேரி 58 ஏக்கர் பரப்புள்ளது. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் நீரைப் பெறுவது. 2010இல் நகரக் குடிமக்கள் சேர்ந்து அதைத் தூர்வாரியபோது, எடுத்த வண்டலை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோகாமல், ஏரிக்குள்ளேயே திட்டுத்திட்டாகக் குவித்தார்கள். மண் சரியாமல் இருக்க வெட்டிவேரும் மேலே மரக்கன்றுகளும் நட்டார்கள். அந்தத் திட்டுகள் பின்னர் தோப்பாகிப் பறவைகளின் இடமாயின. மனிதர் போக வழியில்லாத தீவு என்பதும் ஒருவகையில் வேடிக்கைக் கட்டுமானம்தான். நீர்ப்பாசனம் அறிந்தவர்கள் இதை எதிர்த்து ஒரு வாதம் வைப்பதுண்டு: ஏரிக்குள் மண்ணைக் குவித்தால் கொள்ளளவு குறையாதா? கணக்கை நிதானமாகப் போட்டால் விடை கிடைக்கும். அடியில் எடுத்த மண்ணின் அளவுக்குக் கொள்ளளவு கூடுகிறது. குவித்ததில் முழு நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் பகுதி அந்தக் கூடுதலைத் தின்றுவிடுகிறது. மட்டத்துக்கு மேலே நிற்கும் பகுதி மட்டும் நிகர லாபம். ஆகக் கொள்ளளவு பெரிதாகக் கூடவில்லை என்று சொல்லலாம், குறைந்தது என்று சொல்ல முடியாது. மற்றொரு பலனும் உண்டு. ஆவியாதல் ஆழத்தைப் பார்த்து நடப்பதில்லை, பரப்பைப் பார்த்து நடக்கிறது. அதே நீரை ஆழமான பள்ளத்தில் குறைந்த பரப்பில் வைத்தால் அது கோடைக்குள் அதிக நாள் தாங்கும். மரங்களும் நீர் குடிக்கும் என்பது உண்மை. ஆனால் சித்திரையில் சேற்றுப் பரப்பாகத் தெரிய வேண்டிய ஏரியில், ஆழக்குழிகளில் நீரும் திட்டுகளில் நிழலும் மிஞ்சும் என்றால் அந்தச் செலவு தகும்.

இதெல்லாம் மழை குறைந்த நம் நாட்டுக்கு உள்ள தொல்லை. வளமான நாடுகளில் அப்படி இல்லையே என்று சொல்லவும் இடமில்லை. வடஇங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஸ்டட்லி ராயல் என்ற புகழ்பெற்ற நீர்த்தோட்டம் இருக்கிறது. 1720இன் தென்கடல் பங்கு ஊழலில் சிக்கி அரசியல் வாழ்வை இழந்த ஜான் ஐஸ்லபி என்ற நிதியமைச்சர், ஊர் திரும்பித் தன் காலத்தையும் செல்வத்தையும் அதில் கொட்டினார். ஸ்கெல் ஆற்றைக் கால்வாயாக நேர்படுத்தி, பிறை வடிவக் குளங்கள் வெட்டி, கரையில் கோயில் போன்ற சிறு மண்டபங்களை நிறுத்தினார். அருகிலிருந்த ஃபவுன்டன்ஸ் மடாலயத்தின் மெய்யான இடிபாட்டை அவர் மகன் 1767இல் வாங்கித் தோட்டத்தோடு சேர்த்தார். 1986இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஏரிக்கரையில் டீக்கடையும் உண்டு. அந்தத் தோட்டத்துக்கு இன்று இருக்கும் பெரிய ஆபத்து மண்டபம் விரிசல் விடுவதில் இல்லை. ஆற்றில் வரும் வண்டல் குளங்களை மேடாக்குகிறது, வெள்ளம் புகுகிறது. ஆகவே தோட்டத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், ஆற்றின் மேற்புறத்தில் உள்ள விவசாயிகளோடு சேர்ந்து மரம் நட்டும் நிலத்தைச் சீர்செய்தும் மண்ணை அங்கேயே தடுத்து நிறுத்தப் பாடுபடுகிறது. முந்நூறு ஆண்டு வேடிக்கைத் தோட்டத்தைக் காப்பாற்றும் வேலை வேலிக்கு வெளியே, ஆற்றின் மேல்மடையில் நடக்கிறது.

இலங்கையின் சிகிரியா இன்னும் நெருக்கமான பாடம். ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் காசியப்பன் அமைத்த அந்தப் பாறைக்கோட்டையின் மேற்குப் பக்கத்தில் சமச்சீராக அமைந்த குளங்களும் வாய்க்கால்களும் நீரூற்றுகளும் உள்ளன. துளையிட்ட சுண்ணாம்புக்கல் தட்டுகள் வழியாக, உயரத்திலிருந்து வரும் நீரின் அழுத்தத்தால் மட்டுமே ஊற்று எழும்பும். மோட்டார் இல்லை. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு கழித்தும் நல்ல மழைக்காலத்தில் அவை பீறிடுகின்றன. வறண்ட காலத்தில் நின்றுவிடுகின்றன. அதை யாரும் பழுது என்று சொல்வதில்லை. நம் நகரப் பூங்காக்களின் வண்ண விளக்கு நீரூற்றுகளோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். இவை நிற்பது மழை பொய்த்ததால் ஆகாது. மோட்டார் எரிந்ததால், மின்கட்டணம் ஏறியதால், ஒப்பந்தம் முடிந்ததால். பிறகு அந்தத் தொட்டியில் குப்பை சேர்ந்து கொசு வளர்கிறது.

இனி முக்கியமான மறுப்புக்கு வரலாம். மக்கள் பொழுதுபோக்க வருகிறார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையிலும் ஜங்ஷன் பக்கத்துப் பட்டறையிலும் வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருபவரிடம் வரத்து வாய்க்கால், கலங்கல், மதகு என்று பாடம் நடத்தலாமா? பிள்ளைகளுக்கு ஒரு சிமென்ட் டைனோசர் இருந்தால் என்ன குறைந்துவிடும்? ஒன்றும் குறையாது. பயனற்ற அழகுக்கும் விளையாட்டுக்கும் நகரத்தில் இடம் வேண்டும். கோயில் கோபுரத்தில் சுதைச் சிற்பம் வைத்தவர்கள் பயன் பார்த்தா வைத்தார்கள்? ஆனால் செலவின் வரிசை தவறக் கூடாது. வரத்து வாய்க்காலில் ஆக்கிரமிப்பு அப்படியே இருக்க, டைனோசருக்கு முதல் தவணை போகிறது என்றால், மூன்றாம் ஆண்டில் அந்த டைனோசர் ஆகாயத்தாமரைக்கும் சாக்கடை நாற்றத்துக்கும் நடுவே நிற்கும். பிள்ளைகளை அங்கே யாரும் கூட்டிவர மாட்டார்கள். கோடை விடுமுறையில் சமவெளியின் குடும்பங்கள் பஸ் பிடித்து ஏற்காடு ஏரிக்குப் போய்ப் படகுக்கு வரிசையில் நிற்பதற்குக் குளிர் மட்டுமே காரணம் அல்ல. அவர்கள் வீட்டுப் பக்கத்து ஏரி அந்த மாதத்தில் பார்க்கும்படி இல்லை என்பதும் ஒரு காரணம். மகிழ்ச்சிக்காகத்தான் தோட்டம் என்றால், விடுமுறை வரும் மாதத்தில் அது மகிழ்ச்சி தர வேண்டாமா?

நீரை வெளியிலிருந்து கொண்டுவந்து மட்டத்தை நிலையாக வைக்கலாமே என்பது அடுத்த யோசனை. சேலம் நகரம் குடிப்பதே மேட்டூர்த் தண்ணீர். குடிநீர்க் குழாயிலிருந்து படகுக் குளத்தை நிரப்புவதை எந்த மாமன்றமும் வெளிப்படையாக ஏற்காது. சுத்திகரித்த கழிவுநீரை விடலாம் என்பது இதைவிட நல்ல யோசனை. ஆனால் அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிஞ்சியிருந்தால் ஆகாயத்தாமரைக்கு உரம் போட்டதாகவே முடியும். முழுமையாகச் சுத்திகரித்து, நாணல் போன்ற செடிகள் வளரும் ஆழமற்ற பகுதி வழியாக வடிகட்டி விட்டால்தான் அது நீராகும். நகரத்துக்குள் திருமணிமுத்தாறு சாக்கடையாக ஓடுவதைப் பார்ப்பவருக்கு, சுத்திகரிப்பு என்ற சொல்லை மட்டும் நம்பிக் குளம் கட்டுவது எவ்வளவு துணிச்சல் என்று தெரியும். ஆகவே வெளிநீர் துணையாக இருக்கலாம். அதுவே முதலாகக் கூடாது.

கடைசியாக டீக்கடை. ஏரியைச் சீர்செய்வோர் பலருக்குக் கடை என்றாலே ஒவ்வாமை. கப்பும் பொட்டலமும் நீரில் விழும், கழுவிய தண்ணீர் உள்ளே ஓடும், ஒரு கடை பத்துக் கடையாகும் என்று பயப்படுகிறார்கள். பயம் வீண் இல்லை. ஆனாலும் டீக்கடை இல்லாத பூங்கா எப்படி ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காலை ஐந்து மணிக்குப் பாய்லர் வைத்து இரவு பத்துக்குக் கடை சாத்தும் ஒருவர், கரையின் மேல் கண் வைத்திருக்கும் ஒரே நிரந்தர ஆள். இரவில் கழிவு லாரி வந்து கவிழ்த்தால் முதலில் தெரிவது அவருக்கு. பெண்கள் விடியலிலும் மாலையிலும் அச்சமின்றி நடக்க அந்த விளக்கும் அந்தக் கூட்டமும் காரணம். வாடகை பராமரிப்புக்கு உதவும். தேவைப்படுவது சில நிபந்தனைகள். கடை கரையின் வெளிச்சரிவில் இருக்க வேண்டும். கழிவுநீர் ஏரிப்பக்கம் போகவே கூடாது. கண்ணாடி டம்ளரில் மட்டும் டீ தர வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், இந்த நிபந்தனைக்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. ஏலத் தொகையை மட்டும் பார்த்து அதிகம் கேட்டவருக்குக் கொடுத்தால், போட்ட பணத்தை எடுக்க அவர் பத்துக் கடை போடத்தான் செய்வார். தொகையைக் குறைத்து, தன் கடைக்கு முன்னுள்ள கரையைச் சுத்தமாக வைப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதினால் மாநகராட்சிக்குக் காவலாள் சம்பளம் மிச்சம்.

இதுவரை சொன்னவற்றைச் சூரமங்கலம் பக்கத்து ஏரிகளுக்குப் பொருத்தினால் செய்ய வேண்டியவை சிலவே. பூங்காவுக்கான மதிப்பீடு போடுமுன் வரத்து வாய்க்கால்களையும் கலங்கலையும் அளந்து, வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மொத்தச் செலவில் முதல் பங்கு அவற்றுக்குப் போக வேண்டும். கரையின் உட்பக்கத்தை நெட்டான சுவராக எழுப்பாமல் படியாக இறக்கினால், நீர் இறங்கும்போதும் உட்கார இடம் இருக்கும். நடுநீரில் ஏதேனும் கட்டுவதென்றால் அது நீர்மட்டத்தைக் காட்டும் தூணாகவோ மண்டபமாகவோ இருக்கட்டும். எந்த ஆண்டு எந்த அளவு நின்றது என்று அதில் குறித்து வைக்கட்டும். டைனோசர் அதற்குப் பிறகு வரலாம். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் புதிதாகத் திறந்த ஏரிப் பூங்காவை அடுத்த சித்திரையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று அங்கே இருக்கும் அலுவலரிடம் கேளுங்கள். அவர் கைகாட்டும் வாய்க்கால் கண்ணில் பட்டால் அந்தத் தோட்டம் நிலைக்கும்; படாவிட்டால் அடுத்த வார்டு கூட்டத்தில் அதைக் கேள்வியாக எழுப்புங்கள்.